காஸ்ட் ஷீட்ல நஷ்டம், கையில லாபம்: ஒரு 122 ரூபா டி-ஷர்ட் கணக்கு

திருப்பூர்ல எந்த பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல போயி உக்காந்தாலும் அடிக்கடி இந்தப் பஞ்சாயத்து நடக்கும். மெர்ச்சண்டைசர் (பையர்கிட்ட பேசி ஆர்டர் புடிக்கறவரு) பையர் சொன்ன விலையோட வருவாரு, நாம காஸ்ட் ஷீட்ட (ஒரு பீஸுக்கு ஆகற செலவ வரி வரியா கூட்டிப் போட்டது) தொறந்து பாத்துட்டு "இது கட்டாதுங்க"ன்னு சொல்லுவோம், அவரு மூஞ்சிய தூக்கி வச்சுட்டு நேரா ஓனர் ரூமுக்கு போவாரு, கொஞ்ச நேரம் கழிச்சு ஓனர் நம்மள கூப்பிட்டு "தையல் லைன் சும்மா கெடக்குதே தம்பி, இத எடுத்தா நெசமாவே நஷ்டமா?"ன்னு கேப்பாரு. கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. ஆனா நம்ம ஷீட்ல அதுக்கு பதில் இருக்காது, ஏன்னா அந்த ஷீட் வேற ஒரு கேள்விக்காக போட்டது.

படிச்சவங்களுக்கு இது ரெலவன்ட் காஸ்ட்டிங், அதாவது எடுக்கற முடிவால மாறற செலவ மட்டும் வச்சு கணக்கு பாக்கறது. ஐசிடபிள்யூஏ (இப்ப சிஎம்ஏன்னு பேர் மாத்திட்டாங்க, எங்க ஊர்ல இன்னும் பழைய பேர் தான்) படிக்கறப்ப பத்து மார்க் கணக்கா போட்டு பாஸ் பண்ணிட்டு மறந்துடற சாப்டர். கம்பெனிக்குள்ள வந்தப்பறம் தான் அது எவ்வளவு பெரிய விஷயம்னும், புக்குல எத்தனை சமாச்சாரத்த விட்டுட்டாங்கன்னும் தெரியுது. ரெண்டையும் தான் இங்க எழுதப் போறேன். நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் போட்டுக்கிட்டது, உங்க கம்பெனி ரேட் வேறயா இருக்கும், அதப் பிடிச்சு சண்டைக்கு வராதீங்க.

ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட் எடுத்துக்குவோம். ஷீட் இப்படி இருக்கும். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் எல்லாம் சேத்து துணி 78 ரூபா. கட்டிங்லேர்ந்து பேக்கிங் வரைக்கும் கூலி 26. லேபிள், பாலிபேக், கார்ட்டன்னு டிரிம்ஸ் 7. தூத்துக்குடி போயி கப்பல் ஏர்ற வரைக்கும் 4. ஓவர்ஹெட் 17. மொத்தம் 132. ரெகுலர் பையர் 138 குடுக்கறாரு, பீஸுக்கு 6 ரூபா நிக்குது. இப்ப புதுசா ஒருத்தர் 20,000 பீஸ் கேக்கறாரு, விலை 122. ஷீட்டு படி பீஸுக்கு 10 ரூபா நஷ்டம், மொத்தம் 2 லட்சம். "வேண்டாம்"னு எழுதி மெயில் அனுப்பிடலாம், ரொம்ப ஈஸி.

இப்ப ஒவ்வொரு வரியா பாத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த ஆர்டர எடுத்தா இந்தச் செலவு புதுசா வருதா, எடுக்கலைன்னா இது நிக்குதா? துணி 78, ஆமா, ஆர்டர் இல்லைன்னா வாங்க மாட்டோம். டிரிம்ஸ், ஷிப்பிங், அதுவும் ஆமா. கூலி 26ல தான் வெளையாட்டு இருக்கு. தையக்காரங்க, கைமடி (அவங்களுக்கு ஒத்தாசைக்கு நிக்கறவங்க), அயர்ன், செக்கிங்னு பீஸ் ரேட்ல போறது 18 ரூபா தான், மிச்சம் 8 ரூபா கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், க்யூசி, இவங்க எல்லாம் மாசச் சம்பளம். ஆர்டர் வந்தாலும் வராட்டியும் அவங்களுக்கு சம்பளம் போயே ஆகணும். அப்புறம் ஓவர்ஹெட் 17. பில்டிங் வாடகை, ஆபீஸ் சம்பளம், மெஷின் தேய்மானம், டெர்ம் லோன் வட்டி, எங்க சம்பளமும் அதுக்குள்ள தான். இந்த ஆர்டரால ஏர்றது எதுன்னு பாத்தா ஓடற கரண்ட், ஊசி, நூல்கண்டு, எண்ணெய், ஒரு 3 ரூபா வருமா இருக்கும்.

கரண்ட்லயே ஒரு நுணுக்கம் இருக்கு, அதப் பல பேர் கவனிக்கறதில்ல. ஈபி பில்லுல ரெண்டு பாகம் இருக்குல்ல, ஒன்னு ஓடின யூனிட்டுக்கு, இன்னொன்னு வாங்கி வச்சிருக்கற லோடுக்கு. லோடுக்கு கட்டறது மெஷின் ஓடலைன்னாலும் கட்டணும். 2022 செப்டம்பர்ல டேரிஃப் ஏத்தினப்ப நம்ம சிறு குறு தொழில்காரங்க யூனிட் ரேட்ட விட இந்த பிக்சட் சார்ஜ பத்தி தான் ஜாஸ்தி கத்துனாங்க, காரணம் அது தான், ஆர்டர் இல்லாத மாசமும் அது விடாது. ஆனா ஒரு ஆர்டர எடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கறப்ப அந்தத் தொகைக்கு எடமே இல்ல, யூனிட் சார்ஜ் மட்டும் தான் கணக்கு.

அப்ப 78, 7, 4, 18, 3, கூட்டினா 110. புது பையர் தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன் கேக்கறாரு, அது நம்ம தலையில, 40,000 ரூபா, பீஸுக்கு 2. ஆக 112. விலை 122. பீஸுக்கு 10 ரூபா கைக்கு வருது, 20,000 பீஸுக்கு 2 லட்சம். ஷீட்ல 2 லட்சம் நஷ்டம்னு காமிச்ச அதே ஆர்டர் 2 லட்சம் வரவா மாறிடுச்சு. ட்ராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் (ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தர்ற வரித் தொகை) இதெல்லாம் நான் சேக்கல, ஏற்றுமதி பண்ணாத்தான் வரும்ங்கறதால அதுவும் வரவுப் பக்கம் சேரணும்.

பேமெண்ட் டெர்ம்ஸையும் கேட்டுக்கணும். வழக்கமா 30 நாள்ல காசு வர்ற எடத்துல இவரு 120 நாள் கேட்டாருன்னா, 24 லட்சத்து 40 ஆயிரத்துக்கு கூடுதலா 90 நாள், 10 சதவீத வட்டின்னு வச்சா கிட்டத்தட்ட 60,000 ரூபா. பீஸுக்கு 3 ரூபா அப்பிடியே போயிடும். இதுவும் இந்த ஆர்டரால மட்டும் வர்ற செலவு, ஆனா எந்த காஸ்ட் ஷீட்லயும் இதுக்கு ஒரு வரி நான் பாத்ததில்ல.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923லயே இதச் சொல்லிட்டாரு, ஒவ்வொரு காரியத்துக்கும் காஸ்ட் வேற வேற, ஒரே நம்பர எல்லாத்துக்கும் தூக்கிட்டு போகாதீங்கன்னு. நூறு வருஷம் ஆச்சு, நாம இன்னும் ஒரே காலம்ல (column) தான் ஷீட் போட்டுட்டு இருக்கோம்.

சரி, இது வரைக்கும் புக்குல இருக்கறது. "லைன் சும்மா கெடக்குதே"ன்னு ஓனர் சொன்னாருல்ல, இப்ப அதுக்கு வருவோம், மேல போட்ட கணக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தையில தான் நிக்குது. லைன் நெசமாவே சும்மா இருந்தா 112 தான் உங்க அடிமட்டம். லைன் ஃபுல்லா இருந்து, ரெகுலர் பீஸ நிறுத்தி வச்சுட்டு இத ஓட்டணும்னா அந்த ரெகுலர் பீஸ்ல போற காசும் இந்த ஆர்டரோட செலவு தான். ரெகுலர்ல பீஸுக்கு 138ல 110 போக 28 ரூபா கான்ட்ரிபியூஷன். 20,000 பீஸ் விட்டா 5 லட்சத்து 60 ஆயிரம் போச்சு, கெடைக்கறது 2 லட்சம். வெளிய தெரியாம 3 லட்சத்து 60 ஆயிரம் ஓட்டை. "ரெண்டையும் ஓட்டுவோம், ஞாயித்துக்கெழம ஆள் போடுவோம்"னு சொல்லுவாங்க. சட்டப்படி ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம், 18 ரூபா கூலி 36 ஆகும், 112 ஆனது 130 ஆயிடும், விலையோ 122. அப்பவும் கட்டாது. ஒன்றரை ஷிப்ட் போட்டு பழகின ஊரு நம்முது, ஓவர்டைம்னா அது தனிச் செலவுன்னே யாரும் நெனைக்கறதில்ல.

லைன் ஃபுல்லா இருக்கறப்ப இன்னொரு தப்புக் கணக்கும் நடக்கும். போலோ டி-ஷர்ட்ல பீஸுக்கு 45 ரூபா கான்ட்ரிபியூஷன் வருது, ரவுண்ட் நெக்ல 28 தான், அதனால போலோவையே எடுப்போம்னு மெர்ச்சண்டைசிங்ல முடிவு பண்ணிடுவாங்க. காலரு, பிளாக்கெட், பட்டன்னு போலோவுக்கு தைக்கற நேரம் ஜாஸ்தி. எஸ்ஏஎம் (ஒரு பீஸ் தைக்க ஆகற நேரம்னு நிர்ணயிச்ச நிமிஷம்) போலோவுக்கு 15 நிமிஷம், ரவுண்ட் நெக்குக்கு 7 நிமிஷம்னு வச்சா போலோ நிமிஷத்துக்கு 3 ரூபா குடுக்குது, ரவுண்ட் நெக் 4 ரூபா குடுக்குது. கொறைவா இருக்கறது தையல் நிமிஷம், அப்ப பீஸ் கணக்க விட்டுட்டு நிமிஷக் கணக்கு தான் பாக்கணும். ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மெண்ட்ல எஸ்ஏஎம் வச்சிருப்பாங்க, அக்கவுண்ட்ஸ்ல கான்ட்ரிபியூஷன் வச்சிருப்போம், ரெண்டு பேரும் ஒரே பில்டிங்ல தான் இருப்போம், ஆனா ரெண்டு நம்பரையும் யாரும் வகுத்துப் பாக்க மாட்டாங்க.

நூல் விஷயம் தனிக்கதை. 2022 யாரும் மறந்திருக்க மாட்டீங்க, மே மாசம் பஞ்சு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாய தாண்டுச்சு, மில்லுக்காரங்க மாசம் பொறந்தா நூல் விலைய ஏத்துறாங்கன்னு கம்பெனிகள பூட்டி ஸ்ட்ரைக்கே பண்ணாங்க. அந்த நேரத்துல பழைய விலை நூல் குடோன்ல வச்சிருந்தவங்க சில பேரு "நமக்கு கம்மி விலையில இருக்குதே"ன்னு பழைய ரேட்ல கோட் பண்ணி ஆர்டர் புடிச்சாங்க, பயங்கர சந்தோஷம். அந்த நூல அன்னைக்கு அப்பிடியே மார்க்கெட்ல வித்திருந்தாலே துணி பின்னி தைச்சு அலைஞ்சதவிட ஜாஸ்தி கெடைச்சிருக்கும்ங்கறது அவங்க ஷீட்ல தெரியாது, ஏன்னா ஷீட்ல இருக்கறது வாங்கின பில் விலை. அப்பறம் விலை எறங்கினப்ப இதோட மறுபக்கம். உச்சத்துல வாங்கி வச்சவங்க "நான் வாங்கினதே இந்த விலை, அதுக்கு கீழ எப்படி கோட் பண்றது"ன்னு பிடிவாதமா நின்னாங்க, பக்கத்து கம்பெனிக்காரன் அன்னைய விலைக்கு நூல் வாங்கி ஆர்டர அடிச்சுட்டு போயிட்டான். ரெண்டு எடத்துலயும் பாக்க வேண்டியது ஒன்னே ஒன்னு, இன்னைக்கு இந்த நூலுக்கு என்ன விலை. தொடர்ந்து ஓடற கவுண்ட்டா (நூல் பருமன்) இருந்தா திரும்ப வாங்கற விலை, இனி நமக்கு உதவாத கவுண்ட்டா இருந்தா வித்தா கெடைக்கற விலை. வாங்கின பில் ஆடிட்டருக்கு.

இதையே சரக்குல பாக்கணும்னா காதர்பேட்டைக்கு தான் போகணும். கேன்சல் ஆன ஆர்டர், ரிஜெக்ட் ஆனது, மிஞ்சினது எல்லாம் கடைசியா ஸ்டாக் லாட்டா போயி சேர்ற எடம். எனக்கு தெரிஞ்ச ஒரு கம்பெனியில 5,000 பீஸ் கேன்சல் ஆச்சு, நெஞ்சுல பெரிசா வருஷம் போட்ட பிரிண்ட், பிரிண்ட் சேத்து அடக்கம் 150 ரூபா. ஸ்டாக் லாட் வியாபாரி ஒருத்தர் வந்தாரு, கார்ட்டன் நடுவுலேர்ந்து ஒரு பீஸ உருவினாரு (மேல இருக்கறத எடுக்கவே மாட்டாங்க, அங்க நல்லத தான் வச்சிருப்போம்னு தெரியும்), பிரிண்ட்ட நகத்தால சொரண்டிப் பாத்தாரு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு தோள்பட்டைய பாத்தாரு, கழுத்து லேபிள திருப்பிப் பாத்துட்டு "60 போட்டுக்கலாங்க"ன்னாரு. ஓனருக்கு வந்துச்சே கோவம். "150 ரூபா சரக்கப்பா, 60க்கு குடுக்கறதுக்கு நானென்ன தெருவுலயா நிக்கறேன்"னு சத்தம் போட்டு அனுப்பிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு மடிப்பு விழுந்த எடமெல்லாம் மஞ்சளாயி, பிரிண்ட்ல போட்ட வருஷமும் பழசாயி, 35க்கு போச்சு. நடுவுல அந்த குடோன் வாடகை வேற.

150 ரூபா செலவானது செலவானது தான், வித்தாலும் திரும்பி வராது, வச்சிருந்தாலும் திரும்பி வராது. அது சங்க் காஸ்ட். அன்னைக்கு அவரு முன்னாடி இருந்தது 60 ரூபாயா இல்ல காத்திருந்தா இன்னும் ஜாஸ்தியாங்கறது மட்டும் தான். இதுல இன்னொரு வழியும் இருந்துச்சு. கழுத்து லேபிள வெட்டிட்டு நம்ம லேபிள் வச்சு திரும்ப பேக் பண்ண பீஸுக்கு 8 ரூபா ஆகும், அப்பிடி குடுத்தா வியாபாரி 75 தர்றாருன்னு வைங்க. 15 கூட வருது, 8 போகுது, பண்ணலாம். பிரிண்ட் மேல பேட்ச் வச்சு தைக்க 20 ஆகி 85 தான் கெடைக்கும்னா அது 75க்கு மேல 10 ரூபா தான், வேண்டாம். இந்தக் கணக்கு எதுலயும் 150ங்கற நம்பர் வரவே இல்ல பாத்தீங்களா.

ஆனா ஓனர முட்டாள்னு நெனைச்சுடாதீங்க, நானும் ரொம்ப நாள் இத வெறும் வீம்புன்னு தான் நெனைச்சேன், அப்பறம் பேங்க் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போடறப்ப தான் வெளங்குச்சு. அந்த 5,000 பீஸ் 150 ரூபா கணக்குல ஏழரை லட்சமா ஸ்டாக்ல நிக்குது, 25 சதவீத மார்ஜின் போக அஞ்சரை லட்சத்துக்கு மேல ட்ராயிங் பவர் (ஸ்டாக்க காமிச்சு பேங்க்ல எடுக்கக் கூடிய கடன்) அதுல இருந்து வருது. 60க்கு வித்தா 3 லட்சம் கைக்கு வரும், ஆனா ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட் அஞ்சரை லட்சம் சுருங்கும். விக்காம வச்சிருக்கறதுக்கு அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கு. ரூல் படி விக்கற விலை அடக்கத்த விட கம்மியா இருந்தா கம்மியானதுல தான் ஸ்டாக்க காமிக்கணும், அதனால அந்தக் காரணம் சரியான காரணம் இல்ல தான். ஆனா ஆள் ஏன் அப்பிடி முடிவு எடுக்கறாருங்கறத சங்க் காஸ்ட்னு ஒரே வார்த்தையில அடிச்சுட்டு போறதும் சரியில்ல.

நிட்டிங் சொந்தமா ஓட்டறதா வெளிய குடுக்கறதாங்கறதும் இதே ரகம், சுருக்கமா சொல்லிடறேன். வெளிய ஜாப் ஒர்க் கிலோ 13 ரூபா, நம்ம மெஷின்ல 17 ஆகுதுன்னு ஷீட் சொல்லும், ஒடனே "வெளியவே குடுத்துடுங்க"ம்பாங்க. 17ல 7 ரூபா தேய்மானமும் வட்டியும், மெஷின துணி போட்டு மூடி வச்சாலும் பேங்க்காரன் இஎம்ஐய நிறுத்த மாட்டான். நின்னு போற செலவு 10 தான். 13 குடுத்து வெளிய ஓட்டறது கிலோவுக்கு 3 ரூபா தண்டம். மெஷின வித்துட்டு அந்த எடத்த வாடகைக்கு விடப் போறேன்னு சொன்னா வித்த காசு, வாடகை ரெண்டும் உள்ள வந்து கணக்கு மாறும். குழந்தைங்க துணி செக்‌ஷன் நஷ்டத்துல ஓடுது, மூடலாமான்னு கேக்கறதும் அப்பிடித் தான், அது தலையில ஏத்தி வச்ச வாடகை மூடினப்பறம் எங்க போகும்னு பாருங்க, மிச்ச செக்‌ஷன் தலையில தான் ஏறும்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வர்றேன். 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்காவுக்கு போற நம்ம சரக்குக்கு வழக்கமான வரிக்கு மேல போடற கூடுதல் வரி 50 சதவீதம் ஆச்சு. பையருங்க டிஸ்கவுண்ட் கேக்க ஆரம்பிச்சாங்க, எல்லா கம்பெனியிலயும் ஒரே கேள்வி, எவ்வளவு வரைக்கும் எறங்கலாம். எல்லாரும் 132லேர்ந்து கழிக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதே டி-ஷர்ட்டுக்கு அடிமட்டம் ஒன்னு இல்ல, சரக்கு எந்த ஸ்டேஜ்ல நிக்குதுங்கறத பொறுத்து மாறும்.

இன்னும் நூலே வாங்கலைன்னா அடிமட்டம் 110, அதுக்கு கீழ போனா எடுக்காம இருக்கறதே மேல். சாயம் போட்ட துணி ரெடியா இருக்கு, இன்னும் கட்டிங் போகலைன்னு வைங்க. 78 ரூபா துணி செலவாயிடுச்சு, அந்தத் துணிய அந்த கலர்ல அந்த டயால வெளிய வித்தா ஒரு 40 தேறும்னு வச்சா, அந்த 40, அதுக்கு மேல இனிமே செலவாகப் போற கூலி 18, டிரிம்ஸ் 7, கரண்ட் வகையறா 3, ஷிப்பிங் 4, மொத்தம் 72. சரக்கு தைச்சு பாலிபேக் போட்டு கார்ட்டன் சீல் ஆயிருச்சுன்னா? அப்ப இருக்கற ஒரே மாற்று காதர்பேட்டை. அங்க லேபிள் வெட்டற கூலி போக 47 கெடைக்கும்னு வச்சா, ஷிப்பிங் 4 சேத்து 51 ரூபாய்க்கு மேல பையர் எது குடுத்தாலும் அது லாபம் தான். 110, 72, 51, அதே பீஸ், அதே பையர்.

இந்த மூணு நம்பர பாத்தா யாருக்கு பலம்னு புரியும். கார்ட்டன் சீல் ஆன அடுத்த நாள் டிஸ்கவுண்ட் கேட்டு மெயில் வர்றது தற்செயல் இல்ல, நம்ம அடிமட்டம் அன்னைக்கு எங்க இருக்குன்னு பையருக்கும் தெரியும், ஓப்பன் காஸ்ட்டிங்னு சொல்லி நம்ம ஷீட்ட அவரு ஏற்கனவே வாங்கி வச்சிருக்காரு. அதனால டிஸ்கவுண்ட் பேச்சு எதுவா இருந்தாலும் நூல் வாங்கறதுக்கு முன்னாடி பேசி முடிங்க, முடியலைன்னா துணி ஸ்டேஜ்லயாச்சும் ஒரு பார்ட் பேமெண்ட் வாங்கப் பாருங்க. கட்டிங் டேபிள்ல துணி விரிச்சப்பறம் பேசினா உங்க கையில ஒன்னும் இருக்காது. ரெலவன்ட் காஸ்ட் நாம எறங்கக் கூடிய கடைசிப் படி, விக்கற விலை அதுலேர்ந்து எவ்வளவு மேல நிக்குதுங்கறது பேச்சுத் திறமை.

இதுல இருக்கற ஆபத்தையும் சொல்லணும். 1963ல அமெரிக்காவுல கான்டினென்டல் ஏர்லைன்ஸ்காரங்க இப்பிடித்தான் விமானம் விட்டாங்க, பிசினஸ் பத்திரிகையிலயே அது வந்துச்சு. ஒரு ஃபிளைட்டுக்கு முழு அடக்கம் 4,500 டாலர், கையில இருந்து புதுசா போற செலவு 2,000 தான், வரவு 3,100. மத்த கம்பெனிங்க பாதி காலியா போகுதேன்னு நிறுத்தற எடத்துல இவங்க ஓட்டினாங்க, லாபமும் பாத்தாங்க. ஆனா அங்க ஒரு நிபந்தனை இருந்துச்சு: முக்கியமான ஷெட்யூல் மொதல்ல நிலையான செலவு பூராத்தையும் தூக்கணும், அதுக்கு மேல கூடுதலா விடற ஃபிளைட்டுக்குத் தான் இந்தக் கணக்கு.

நம்ம கம்பெனிக்கு அத வச்சுப் பாப்போம். மாசம் ஒரு லட்சம் பீஸ் கெப்பாசிட்டி. பீஸுக்கு ஓவர்ஹெட்ல 14, கூலியில 8, ஆக 22 ரூபா நிலையான செலவு, மாசம் 22 லட்சம். ரெகுலர் ஆர்டர் 70,000 பீஸ் இருக்கு, 28 ரூபா வீதம் 19 லட்சத்து 60 ஆயிரம். 2 லட்சத்து 40 ஆயிரம் இடிக்குது. அந்த 122 ரூபா ஆர்டர எடுத்தா 2 லட்சம் வந்து இடி 40,000 ஆகுது, ரொம்ப நல்லது. எடுக்கலைன்னு வைங்க, அந்த மாசம் அக்கவுண்ட்ஸ்ல ஒரு புத்திசாலி 22 லட்சத்த 70,000 பீஸால வகுத்து "அடக்கம் 141 ஆயிருச்சு, விலைய ஏத்துங்க"ம்பாரு, ஏத்தினா ரெகுலர் பையரும் போவாரு, அடுத்த மாசம் இன்னும் கம்மி பீஸால வகுப்பாரு. இப்பிடி வகுத்து வகுத்தே படுத்த கம்பெனிங்க இருக்கு.

அதே நேரத்துல, எல்லா பீஸும் 122க்கே போச்சுன்னா? ஒரு லட்சம் பீஸுக்கு 10 ரூபா, 10 லட்சம். மாசம் 12 லட்சம் நஷ்டம், லைன் மட்டும் ஜெகஜோதியா ஓடும். நடக்கறது பெரும்பாலும் இப்பிடித் தான், ஒரே ராத்திரியில இல்ல. திருப்பூர்ல பையிங் ஹவுஸுக்கும் ஏஜெண்டுக்கும் தெரியாத விலையே கெடையாது, ஒருத்தருக்கு 122க்கு போட்டத ரெகுலர் பையர் கேள்விப்பட்டு அடுத்த சீசன் பேச்சுவார்த்தைய அங்க இருந்து ஆரம்பிப்பாரு. 70,000 பீஸ்ல பீஸுக்கு 3 ரூபா கொறைச்சாலே 2 லட்சத்து 10 ஆயிரம் போச்சு, அந்த ஒரு ஆர்டர்ல வந்தது மொத்தமும் காலி, அதுவும் மாசா மாசம். ஷார்ட் டெர்ம்னு சொல்லி எடுத்த முடிவு ஆறு மாசம் தொடர்ந்தா அதுக்கு ஷார்ட் டெர்ம் கணக்கு செல்லாது. எங்க பக்கம் ஒரு ஓனர் வச்சிருக்கற வழக்கம் எனக்கு புடிக்கும்: இந்த மாதிரி விலை ஒரு பையருக்கு ஒரு தடவ தான், ஸ்டைலும் ரெகுலர் பையரோட ஸ்டைலா இருக்கக் கூடாது.

ஆளுங்க விஷயத்தையும் புக்குல கடைசி வரியில "இதர காரணிகள்"னு போட்டு முடிச்சுடுவாங்க. இங்க அது தான் மொத வரி. பீஸ் ரேட் கூலி மாறும் செலவு, வேலை இருந்தா குடுக்கறோம் இல்லைன்னா இல்லைன்னு நானும் மேல எழுதிட்டேன். சனிக்கெழம சம்பளம் ரெண்டு வாரம் கொறைஞ்சா டெய்லர் மூணாவது வாரம் அடுத்த தெரு கம்பெனியில இருப்பாரு. ஒடிசா, பீகார்லேர்ந்து வந்தவங்க ஊருக்கு வண்டி ஏறிட்டா திரும்பி இதே கேட்டுக்கு வருவாங்கன்னு ஒரு உத்தரவாதமும் இல்ல. திரும்ப ஆள் சேக்க ஏஜெண்ட் கமிஷன், ரூம் அட்வான்ஸ், புது ஆளு கை பழகற வரைக்கும் ஆல்ட்டரேஷன், ப்ரொடக்‌ஷன் பாதி. ஆர்டர எடுக்காம விட்டா வர்ற செலவு இது, அதனால இதுவும் ரெலவன்ட் காஸ்ட் தான், வேண்டாம்னு சொல்ற பக்கத்துல எழுதணும். சில கம்பெனிங்க ஆள் போயிடக் கூடாதுன்னு வேலை இல்லாட்டியும் பாதி ஷிப்ட் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க, அங்க அந்த 18ல ஒரு பங்கு ஏற்கனவே நிலையான செலவா ஆயிடுது, அடிமட்டம் இன்னும் கீழ எறங்கும்.

இதெல்லாம் படிச்சுட்டு பழைய காஸ்ட் ஷீட்ட கிழிச்சுப் போட்டுடாதீங்க. வருஷக் கடைசியில ஸ்டாக் மதிப்பு போட ஏஎஸ் 2 (அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 2) படி ஃபேக்டரியோட நிலையான செலவையும் சேத்துத் தான் ஆகணும், அதையும் நார்மல் கெப்பாசிட்டியால தான் வகுக்கணும் (அந்த 141 போட்ட புத்திசாலிக்கு இதச் சொல்லுங்க). ரெகுலர் பையருக்கு வருஷ ரேட் பேசறப்ப 132 தான் கண்ணு முன்னாடி இருக்கணும். எங்க எக்செல்ல இப்ப ரெண்டு காலம் (column). மொதல்ல பழைய 132. ரெண்டாவதுல எடுத்தா மட்டும் வர்ற செலவு, நூல் விலை அன்னன்னைக்கு மாத்தறது, கீழ லைன் காலியா ஃபுல்லான்னு ஒரு செல், ஃபுல்னு போட்டா நிமிஷத்துக்கு 4 ரூபா தானா ஏறிடும்.

ரெண்டாவது காலத்துக்கு பாஸ்வேர்ட் போட்டு வச்சிருக்கேன். மெர்ச்சண்டைசருக்கு அதுல பெரிய வருத்தம், "என்ன நம்ப மாட்டீங்களா"ன்னு கேட்டாரு. அவருக்கு இன்சென்டிவ் பீஸ் எண்ணிக்கைக்கு, லாபத்துக்கு இல்ல. 112ங்கற நம்பர் தெரிஞ்சா அவரு பையர்கிட்ட பேச்ச 113ல தான் முடிப்பாரு, அவரு எடத்துல நான் இருந்தாலும் அதத் தான் பண்ணுவேன். அந்த இன்சென்டிவ் கணக்க கான்ட்ரிபியூஷனுக்கு மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட கேட்டிருக்கேன், தீபாவளி போனஸ் முடியட்டும்னு சொல்லியிருக்காரு.